எது எதுன்னு அம்மாவுக்குத் தெரியும்

செப்டம்பர் 10, புதன்

இந்த டைரி தனசீலனுக்கு வால்வு கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. அவன் ஒரு எழுத்தும் எழுதவில்லை. பழைய பேப்பரோடு போடுவதற்கு மருமகள் ஹேமா எடுத்து வைத்திருந்தாள். தாள் நன்றாக இருக்கிறது, நான் எடுத்துக்கொண்டேன்.

என் மகன் தனசீலனுக்குக் கருமாதி திங்கட்கிழமை முடிந்தது. பந்தல்காரன் நாற்காலியை எண்ணிவிட்டு ஒன்று குறைகிறது என்றான். குறையவில்லை. மாடிப்படிக்குக் கீழே அவனேதான் வைத்தான், நான் பார்த்தேன். சொன்னேன். எடுத்துக்கொண்டு போனான்.

தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஹேமாவின் அண்ணன் லோகு வந்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவளை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் உட்காரும்போது அப்பளம் தீர்ந்து போயிருந்தது.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தான். பெட்டி முழுக்க கால்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டு. தனசீலன் பதினாறு வருஷமாகச் சேர்த்தது. மூவாயிரத்து நானூறு சொச்சம். பெலிக்ஸ் என்று அயனாவரத்தில் ஒருவன் இதை வாங்கி விற்கிறானாம், மொத்தமாகக் கொடுத்துவிடலாம், விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு வரச் சொல்கிறேன் என்றான் லோகு.

ஹேமா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஒரு வாரமாக அவள் பேசுவது குறைவு.

"மொத்தமா வேணாம்ணா. பத்து பன்னெண்டு கார்டு தர்ஷினி காலேஜுக்குன்னு சொல்லினே இருப்பாரு. மீதிய எப்படினா பண்ணிக்கலாம், அத மட்டும் விக்கக் கூடாதும்பாரு."

எது என்று கேட்டான் லோகு.

"நானும் கேட்டேன். எது எதுன்னு அம்மாவுக்குத் தெரியும்னாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 13, சனி

எனக்கு ஏன் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

ரேஷன் கடையில் பருப்பு இல்லை. பாமாயில் மட்டும் போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் மேட்டுத் தெரு சரோஜா. என் இட்லிப் பானையை வாங்கிப்போய் மூடி இல்லாமல் திருப்பிக் கொடுத்தவள். துக்கம் விசாரித்தாள். மூடியைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்துக்கொண்டேன். விரல் ரேகை பட்டால் போச்சு என்பான் தனசீலன். சூடான தட்டைப் பிடிப்பது போல ஓரத்தில் பிடிக்க வேண்டும். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். படத்தைச் சுற்றி இருக்கிற வெள்ளைக் கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அகலம் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிநாட்டுக்கு அனுப்பினால் பத்துக்குப் பத்து மார்க் போட்டுக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்றில் அடைத்து அனுப்புவார்கள், அதற்குத்தான் விலை.

நானூறு கார்டு பார்த்தேன். ஒன்றை எடுத்து வைத்தேன். சுருட்டை முடி, காதில் கம்மல், பதினேழு வயதில் எடுத்த படம்.

தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது வயது. தொடவில்லை. அவள் அப்பா பழக்கி வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 18, வியாழன்

தலைவலி.

ஒரு ஆட்டக்காரனுக்கு நூறு கார்டு வரும், ஆனால் முதல் வருஷத்துக் கார்டு ஒன்றுதான் முதல் வருஷத்துக் கார்டு. மற்றதெல்லாம் அவன் பெரிய ஆளான பிறகு அடித்தது. எத்தனை அடித்தார்கள் என்று ஓரத்தில் நம்பர் இருக்கும். ஐம்பதில் பதினெட்டாவது என்று போட்டிருந்தால் உலகத்திலேயே ஐம்பதுதான். கையெழுத்து இருந்தால் கார்டின் மேலேயே போட்டிருக்க வேண்டும், ஒட்டுத் தாளில் போட்டு ஒட்டியதாக இருக்கக் கூடாது. உலகக் கோப்பை நடக்கும்போது எவன் பேரைத் தெருவெல்லாம் சொல்கிறார்களோ அவனுடையதை அப்போது வாங்கக் கூடாது. மூன்று மாதத்தில் அடங்கிவிடும்.

இதெல்லாம் யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவி, காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சொல்வான். தினமும். நான் கறிகாய் நறுக்கிக்கொண்டிருப்பேன். காதை மூடிக்கொண்டு நறுக்க முடியாது.

கோல் போடுகிறவன் கார்டுக்குத்தான் விலை நிற்கும், கோல் காக்கிறவனுக்கு நிற்காது என்பான். அவன் இருபது வருஷம் வியாசர்பாடி மைதானத்தில் கோல் காத்தவன். சொல்லிவிட்டுச் சிரிப்பான். கோல்கீப்பர் கார்டு பெட்டியில் இருநூறு இருக்கிறது. ஒன்றையும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

பெலிக்ஸ் முன்கூட்டியே பார்க்க வந்தான். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டான், அது ஒரு மரியாதை. தனசீலன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். லோகு கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நான் அதுவரை ஏழு கார்டு எடுத்து வைத்திருந்தேன். பெலிக்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றைத் தனியாக நகர்த்தி, இது வேஸ்ட் ஆயா, இவன் கால் ஒடிஞ்சு ஆட்டத்தை விட்டே போயிட்டான், நான் எடுத்துக்கிறேன் என்றான்.

நான் சொன்னேன்: "ஆட்டத்த வுட்டவன் இனிமே கெட்டுப்போக முடியாது. அவன் போட்ட கோலு போட்டதுதான். ஆடினு இருக்கிறவன் கார்டு தான் ஏறி எறங்கும். இவன் கையெழுத்து போட்டது இருவத்தஞ்சு. இனிமே போட மாட்டான்."

பெலிக்ஸ் கார்டைத் திரும்ப ஏழில் வைத்தான். லோகு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

போகும்போது பெலிக்ஸ் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அண்ணன் எங்க கிட்ட சொல்லும் ஆயா. எங்கம்மா ஒருவாட்டி கேட்டா மறக்காது, அதனால எல்லாத்தையும் அதும் மேல எழுதி வெச்சிருக்கேன்னு."

காஸ் சிலிண்டர் வந்தது. பழைய ரெகுலேட்டரில் லேசாகக் கசிவு. வாஷர் மாற்றச் சொன்னேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எட்டு, ஒன்பது.

செப்டம்பர் 25, வியாழன்

ஹேமா இறப்புச் சான்றிதழுக்கு மண்டல அலுவலகம் போய்விட்டு வந்தாள். மூன்றாவது தடவை. பேரில் ஒரு சுழி விட்டுவிட்டார்கள், தனசிலன் என்று இருக்கிறது. திருத்தத் திரும்பப் போக வேண்டும்.

ரசம் வைத்தேன். அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். நினைவில்லை. எனக்கு நினைவில்லை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 27, சனி

பதினொன்று முடிந்தது. ஒவ்வொன்றும் மெல்லிய உறையில் போட்டு, அதற்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஹேமாவிடம் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, பீரோவில் அவளுடைய கூறைப் புடவைக்கு மேல் வைத்தாள்.

"எப்படி அத்த இவ்ளோத்தையும் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றாள்.

எனக்கு எல்லாம்தான் ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் யாரோ கொடுத்த ஒரு கார்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டான். வியர்வைச் சட்டை ஆணியில் தொங்கியது. நான் ஊறவைத்தேன். பையைத் தடவிப் பார்த்தேன், காகிதம் என்று விட்டுவிட்டேன். எழுந்து வந்து பக்கெட்டில் கையை விட்டு அதை எடுத்தான். கூழாக வந்தது. வீட்டில் லோகு இருந்தான், கூட ஆடுகிற இரண்டு பேர் இருந்தார்கள், ஹேமா இருந்தாள். நான், அது இன்னா அவ்ளோ பெரிய பொருளா, சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே என்றேன்.

"மூணாங்கிளாஸ் படிச்சவ கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது" என்றான்.

கூட ஆடுகிறவர்களில் ஒருவன் சிரித்தான்.

அன்றிலிருந்து நான் அவனிடம் பேசவில்லை. சோறு போட்டேன். துணி துவைத்தேன், பையைத் தடவிப் பார்த்துத் துவைத்தேன். பேசவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம்தான் முதல் தடவையாக அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து, முதல் வருஷத்துக் கார்டு என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

மழை. மாடியில் காயப்போட்ட வடகம் நனைந்துவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சாவு விழுந்த வீடு, ஒரு வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. வீடு கூட்டினேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குப் பட்டறையிலிருந்து ஆள் வந்தான். தனசீலனுடைய ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கேலிப்பர் எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்தான். முதலாளி காலையில் பூஜை போட்டபோது இதற்கும் சேர்த்துப் போட்டாராம். எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தது. பொரி, கடலை, இரண்டு வாழைப்பழம், மிச்சச் சந்தனத்தூள் ஒரு பொட்டலம், குங்குமம் ஒரு பொட்டலம். வைத்துவிட்டுப் போனான்.

ஹேமா பேர் திருத்துகிற வேலையாக வெளியே போயிருந்தாள். தர்ஷினி எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அரிவாள்மணை, மிக்சி, பிரிட்ஜ், ஹேமாவின் இஸ்திரிப் பெட்டி, தர்ஷினியின் சைக்கிள். வரிசையில் கடைசியாக அவன் தன் கோல்கீப்பர் கிளவுஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். நான் சைக்கிளோடு முடித்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிளவுஸை எடுத்துக்கொண்டு போனான்.

இன்றைக்குச் சந்தனத்தைக் கிண்ணத்தில் கரைத்தேன். பீரோவைத் திறந்து கார்டை எடுத்து, வரிசையாக வைத்து, பொட்டு வைத்தேன். கை பழக்கம். ஏழு வைத்திருப்பேன். தர்ஷினி தண்ணீர் குடிக்க ஓடி வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"ஆயா, அப்பா திட்டும்" என்றாள்.

நிறுத்திவிட்டேன். மிச்சம் நான்கு.

வாழைப்பழத்தை அவளிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

பெலிக்ஸ் வேன் கொண்டுவந்தான். லோகுவும் வந்தான். பெட்டியில் இருந்ததையெல்லாம் இரண்டு பேரும் அட்டைப் பெட்டிகளுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால், அண்ணன் எடுத்து வைக்கச் சொன்னதை ஒருதரம் பார்க்கட்டுமா, சும்மா பார்க்கத்தான் என்று பெலிக்ஸ் கேட்டான். ஹேமா பீரோவைத் திறந்து எடுத்துவந்தாள்.

நேற்று அவள் வந்தபோது நான் சொல்லவில்லை. தர்ஷினியும் சொல்லவில்லை.

பெலிக்ஸ் உறையிலிருந்து உருவி, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சந்தனம் காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. நகத்தால் ஒன்றை லேசாகத் தொட்டான், படத்தில் இருந்த நீலம் கூடவே வந்தது. குங்குமம் உள்ளே ஊறிவிட்டது என்றான். ஈரத்தில் அட்டை வளைந்துவிட்டது, இனி துடைக்க முடியாது, இந்த ஏழையும் எவனும் தொட மாட்டான், நான்கு சுத்தமாக இருக்கிறது, அதை மட்டும் பத்திரமாக வையுங்கள் என்றான்.

லோகு கத்தினான். பெண் குழந்தையின் படிப்பாயிற்றே என்றான். கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது, சாமி பேரைச் சொல்லி எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டது, அதன் கையில் கொடுத்தது உன் தப்பு என்று ஹேமாவிடம் சொன்னான். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

பெலிக்ஸ் கத்தவில்லை. பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"கேஸ் மேல ஒரு சொட்டு இல்லக்கா. ரெண்டு உறைக்குள்ள இருக்கிற கார்டு மேல எப்படிப் பட்டுது?"

ஹேமா என்னைப் பார்த்தாள். லோகுவைச் சும்மா இருக்கச் சொன்னாள். ஏழு கார்டையும் வாங்கி, ஒவ்வொன்றாக உறையில் போட்டாள்.

டிரங்குப் பெட்டியைக் காலியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அரிசி கொட்டி வைக்கலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஹேமா என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்தாள், குழம்பு ஊற்றினாள், போனாள்.

கோபம் நியாயம். நான் கோபப்படுகிறவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 4, சனி

பேசவில்லை. பேர் திருத்திய சான்றிதழ் வந்துவிட்டது. மேஜையில் இருந்ததை நானே எடுத்துப் பார்த்தேன். சுழி போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்து கரண்டு போனது. தர்ஷினி எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாசல் பக்கம் காற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். ஹேமா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் அந்த ஏழு.

"மூணு நாள் இருந்து பாத்தேன் அத்த. ஒரே வீட்ல பேசாம இருக்க என்னால முடியல. நெஞ்சு அடைக்குது. நீங்க எப்படித்தான் இருந்தீங்களோ."

நான் வாசலைப் பார்த்தேன்.

"உறை மேல வெச்சிருக்கலாம். உருவி எடுத்து வெச்சிருக்கீங்க. தெரிஞ்சுதான வெச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. நான் பொட்டு வைக்காமல் விட்ட கிளவுஸைப் பார்த்தவள் அவள். போன வருஷம் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தர்ஷினிக்கு நான்கு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம், நானும் வேலைக்குப் போகத்தான் போகிறேன் என்றாள். பிறகு மேலே இருந்த கார்டை எடுத்து என் மடியில் வைத்தாள். சுருட்டை முடிக்காரன். நெற்றியில் பொட்டு.

"இதுக்கு அவரு இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். அன்றைக்கு அவன் என்ன சட்டை போட்டிருந்தான், நான் அவரைக்காய் நறுக்கினேனா கத்தரிக்காய் நறுக்கினேனா, எந்த வார்த்தைக்கு அப்புறம் காப்பியை உறிஞ்சினான், எல்லாம் சொன்னேன். "இவன் அம்மா வீட்டு வேலை செஞ்சுதாம்மா இவனுக்கு ஷூ வாங்கிக் குடுத்துச்சு" என்று அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். ஹேமா "ம்" என்றாள். அடுத்ததைச் சொன்னேன். "ம்" என்றாள். கால் ஒடிந்தவனைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் "ம்" என்றாள். எனக்கு வரவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஏழும் முடிய மூன்று மணி ஆகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தாள்.

எதிரில் இருக்கிறவர் "ம்" என்றால்தான் அடுத்த வார்த்தை வருகிறது. நடுவில் ஒருதரம் அவள் மூக்கைச் சிந்த எழுந்து போனாள், எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது. பதினாலு மாசம், தினமும் சாயங்காலம், ஒரு "ம்" கூட இல்லாமல் அவன் எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை.